பத்மினியும் மாருதி 800உம்: பழுதுபார்த்த கைகளின் வரலாறு

(சற்றே நீண்ட பதிவு. பொருளியல் வரலாறு, நகர வரலாறு பயிலும் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

2014 ஜனவரியில் குர்கான் ஆலையில் மாருதி 800இன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளாக வெளிவந்து, இந்திய நடுத்தர வர்க்கத்தின் வாழ்க்கையையே மாற்றியமைத்த கார் அது. நாளிதழ்கள் ஓரிரு கட்டுரைகளோடு அதனை வழியனுப்பிவைத்தன. அடுத்த மாதமே, அதாவது 2014 பிப்ரவரியில், 'பண்ணையாரும் பத்மினியும்' தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. அப்படத்தின் உண்மையான நாயகி ஒரு பிரீமியர் பத்மினி. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கழிந்த பின்னும், ஒரு பழைய காருக்காகக் கண்கலங்கும் மனிதர்களைத் தமிழ்ப் பார்வையாளர்கள் புரிந்துகொண்டார்கள்.

பத்மினியைப் போல எந்தக் காலத்திலும் மாருதி 800 உருகிப் பேசப்படவில்லை. வேகம், சிக்கனம், விலை, நம்பகம் என எந்த அளவுகோலை எடுத்தாலும் மாருதியே மேல். ஆயினும் நினைவில் வென்றது பத்மினி. இதற்கு 'பழையது பொன்' என்ற ஏக்கம் மட்டுமே காரணம் எனக் கொள்வது சோம்பலான விடை. இவ்விரு கார்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு காரை ஓடவைக்கும் அறிவு யாரிடம் இருந்தது என்ற வேறொரு கேள்வி எழுகிறது. இப்பதிவு அக்கேள்வியைப் பற்றியது.

1

மும்பைத் தமிழர்க்குப் பழக்கமான நிலப்பரப்பிலிருந்து தொடங்குவோம். மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து வடக்கே சென்றால் சயான். அங்கு மேற்கே தாராவி. கிழக்கே டிராம்பே சாலை செம்பூருக்குச் செல்கிறது. வடக்கே பழைய ஆக்ரா சாலை, இன்றைய லால் பகதூர் சாஸ்திரி மார்க், குர்லாவுக்குச் செல்கிறது. தாராவிக்கும் செம்பூருக்கும் எட்டும் தொலைவிலேயே உள்ள அந்தக் குர்லாவில்தான் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை இருந்தது. ஆகவே பத்மினி நமக்கு எங்கிருந்தோ வந்த பொருளன்று. சித்தோர்கர் அரசியின் பெயர் சூட்டப்பட்ட அந்தக் கார், மும்பையில் பிறந்து, மும்பைத் தெருக்களில் தேய்ந்து, மும்பையிலேயே பழைய இரும்பாகப் பிரிக்கப்பட்ட கார். தமிழர்க்குப் 'பத்மினி' என்றவுடன் திருவிதாங்கூர் சகோதரியரில் ஒருவர் நினைவுக்கு வருவது தனிக்கதை.

பம்பாய்க்கும் மோட்டார்த் தொழிலுக்கும் உள்ள உறவு பிரீமியருக்கு முந்தியது. 1928இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சேவ்ரியில் கார்களை இணைக்கும் ஆலையைத் தொடங்கியது. பெட்டிகளில் பாகங்கள் கப்பலேறி வரும். இங்கு திருகாணி முடுக்கி முழு வண்டியாக்குவார்கள். இணைப்பது வேறு, உற்பத்தி செய்வது வேறு என்பதை உணர்ந்தவர்களுள் ஒருவர் வால்சந்த் ஹிராசந்த். கப்பல், விமானம், கார் ஆகிய மூன்றும் இந்தியர் கையில் இருக்கவேண்டும் என்று எண்ணியவர். 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவப்பட்டது. முதலில் அமெரிக்கக் கிரைஸ்லரின் உரிமத்தோடு டாட்ஜ், பிளிமத், டி சோட்டோ ஆகிய பெரிய வண்டிகள் வெளிவந்தன. பின்னர் இத்தாலியின் ஃபியட்டுடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, 1954இல் ஃபியட் 1100 வந்தது.

அவ்வேளையில்தான் இந்திய அரசும் ஒரு முடிவெடுத்தது. உள்நாட்டில் பாகங்களைத் தயாரிக்கும் திட்டமின்றி வெறுமனே இணைப்பு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற சுங்கவரி ஆணையத்தின் 1953ஆம் ஆண்டுப் பரிந்துரை ஏற்கப்பட்டது. ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் வெளியேறின. களத்தில் எஞ்சிய கார் நிறுவனங்களுள் முதன்மையானவை மூன்று: கல்கத்தாவை ஒட்டி உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இந்தியரின் கார்க் கனவு ஏறத்தாழ இம்மூன்றுக்குள்ளேயே அடங்கியது.

2

பத்மினி என நாம் அறிந்த வடிவம், 1962இல் இத்தாலியில் அறிமுகமான ஃபியட் 1100டி. குர்லாவில் அது 1964இல் வந்தது. ஃபியட்டின் பெயரைப் பயன்படுத்தும் உரிமை முடிந்தபின், 1972இல் பிரீமியர் பிரசிடென்ட் எனவும், 1974 முதல் பிரீமியர் பத்மினி எனவும் பெயர் மாறியது. வண்டி பெரிதாக மாறவில்லை. அதன் 1089 சிசி எஞ்சினின் மூலவடிவம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பதை இங்குக் குறிப்பிடவேண்டும். முசோலினி காலத்து இத்தாலியில் வரையப்பட்ட ஓர் எஞ்சின், சிற்சில திருத்தங்களோடு, இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை குர்லாவில் வார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது.

இதனை இந்தியத் தொழில்துறையின் தேக்கத்துக்குச் சான்றாகக் காட்டுவது பாடநூல் வழக்கம். அதில் உண்மை உண்டு. உற்பத்தி அளவுக்கு உரிமம் தேவை, புதிய மாதிரிக்கு உரிமம் தேவை, இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி அனுமதி தேவை என்றிருந்த ஒழுங்குமுறையில், போட்டியின்றி விற்பவனுக்கு மாற்றம் செய்ய என்ன தூண்டுதல் இருக்கமுடியும்? ஆனால் இதே கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதனை அறியச் சட்ட அறிக்கைகளைப் புரட்டவேண்டும்.

பிரீமியரின் பெயர் இரண்டு முக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் நிலைத்திருக்கிறது. முதலாவது 1971ஆம் ஆண்டுக்குரியது. தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் அரசு காருக்கு நிர்ணயித்த விலை நியாயமானதுதானா என்பது வழக்கு. ஒரு காரின் எஃகுத் தகடு, கூலி, தேய்மானம், ஆதாயம் ஆகியவற்றையெல்லாம் நீதிபதிகள் கணக்கிட வேண்டியிருந்தது. தனியார் நிறுவனம் தான் செய்யும் பொருளுக்குத் தானே விலை வைக்க முடியாதிருந்த காலத்தின் ஆவணம் அது. இரண்டாவது 1975ஆம் ஆண்டுக்குரியது. குர்லா ஆலையில் ஊக்கத்தொகை குறித்து ஒரு சங்கத்தோடு நிர்வாகம் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்காத தொழிலாளர் சிலர் உரிமையியல் நீதிமன்றத்தை நாடினார்கள். தொழிற்தகராறுச் சட்டம் தரும் உரிமைக்கு அச்சட்டம் காட்டும் வழியிலேயே தீர்வு காணவேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் அங்கே வகுத்தது. தொழிலாளர் சட்டம் பயிலும் மாணவர் எவரும் இன்றும் இத்தீர்ப்பைத் தவிர்க்க இயலாது. அதன் பின்னணியில் குர்லாவின் எஞ்சின் சத்தம் இருப்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

விலையில் அரசு, கூலியில் சங்கம், அளவில் உரிமம் என்று மூன்று புறமும் கட்டுண்ட பொருள் பத்மினி. அதனை வாங்க முன்பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கதைகள் மாட்டுங்காவின் பழைய குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகின்றன.

3

மாருதியின் பிறப்பும் அரசின் வீட்டிலேயே நிகழ்ந்தது. சஞ்சய் காந்தியின் தோல்வியுற்ற கார்த் திட்டத்தை அவரது மறைவுக்குப் பின் 1980இல் அரசு கையகப்படுத்தியது; 1981இல் மாருதி உத்யோக் அமைந்தது; 1982இல் ஜப்பானின் சுசுகியுடன் ஒப்பந்தம். சுசுகிக்கு அன்று கிடைத்த பங்கு 26 விழுக்காடு மட்டுமே. 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 'தாராளமயத்தின் கார்' என்று இன்று புகழப்படும் மாருதி, பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு எட்டு ஆண்டுகள் முன்பே, பொதுத்துறை நிறுவனமாக வந்தது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். வரிசை முறையும் உடனே ஒழிந்துவிடவில்லை. தலா 10,000 ரூபாய் முன்பணத்தோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்து காத்திருந்தார்கள்.

மாறியது அளவு. 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதிலும் ஆண்டுக்குச் சுமார் 40,000 கார்களே விற்பனைக்கு வந்தன. மாருதியின் திட்டமோ தான் ஒருத்தியே ஆண்டுக்கு ஒரு லட்சம் வண்டிகள் செய்வது. அந்த அளவை எட்டச் சுற்றிலும் பாகங்கள் செய்யும் நிறுவனங்கள் வேண்டும். அவை ஒன்றுபோல் மற்றொன்றை, ஒரே அளவில், உரிய நேரத்தில் அனுப்பவேண்டும். குர்கானைச் சூழ்ந்து எழுந்த அந்த உதிரிபாகத் தொழில்வலையே மாருதியின் உண்மையான சாதனை. கார் அதன் வெளிமுகம் மட்டுமே.

4

இப்போது இரு இயந்திரங்களையும் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

பத்மினிக்கு நான்கு சிலிண்டர். முன்னே எஞ்சின், நடுவே நீண்ட தண்டு, பின்சக்கரங்களுக்கு விசை. கியர்த் தடி ஸ்டியரிங் கம்பத்தில் இருக்கும். அதனால் முன்னிருக்கை ஒரே பலகையாக நீண்டு, ஓட்டுநரோடு இருவர் நெருக்கியடித்து அமரலாம். எடை 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தடித்த தகடு. முன்மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய இடம் இருக்கும். ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும்.

மாருதி 800க்கு 796 சிசி, மூன்று சிலிண்டர். எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டு முன்சக்கரங்களையே இயக்குகிறது. நீண்ட தண்டு இல்லாததால் உள்ளே கால் நீட்ட இடம் மிச்சம். எடை ஏறத்தாழ 650 கிலோ. இரும்பு குறைந்தது, பெட்ரோல் செலவு குறைந்தது, சாவியைத் திருகியவுடன் எஞ்சின் உயிர்பெற்றது. மழைக்கால விடியலில் பத்மினியைக் கிளப்பச் சோக்கை இழுத்து, காத்திருந்து, மீண்டும் முயன்றவர்க்கு அந்த ஒரு வசதி எவ்வளவு பெரிது என்பது தெரியும்.

ஆனால் ஒன்றை நோக்குக. மாருதி 800 ஓர் இடைவிடாப் புதுமையின் சின்னம் அன்று. 1986இல் அது பெற்ற இரண்டாம் உடல்வடிவம், முகப்பிலும் விளக்கிலும் சிறு மாற்றங்களோடு, 2014 வரை நீடித்தது. 28 ஆண்டுகள்! 1100டி வடிவம் இந்தியாவில் ஓடியது ஏறத்தாழ 36 ஆண்டுகள். ஒன்றைத் 'தேக்கம்' என்றும் மற்றொன்றை 'முன்னேற்றம்' என்றும் பிரிக்கும் நம் வழக்கமான காலப்பகுப்பு இங்கே ஆட்டங்காண்கிறது. பத்மினி நீடித்ததற்குக் காரணம் வேறு எவரும் அனுமதிக்கப்படாமை. மாருதி நீடித்ததற்குக் காரணம் திறந்த சந்தையிலும் அதைவிட மலிவாக வேறெவரும் தர இயலாமை. காரணங்கள் வேறு, வாங்குவோரின் வறுமை என்ற அடித்தளம் இரண்டுக்கும் பொது.

5

அப்படியெனில் அடிப்படை வேறுபாடு எங்கே? பழுது என்ற நிகழ்விலே இருக்கிறது என்பது என் வாதம்.

பத்மினி பழுதாகும். அடிக்கடி பழுதாகும். எஞ்சின் சூடேறும், பாயின்ட் கருகும், கார்புரேட்டர் அடைக்கும், கிளட்ச் தேயும். ஆயின் அந்தப் பழுது எவருக்கும் விளங்கக்கூடியது. சாலையோரத்தில் ஒரு ஸ்பேனரும் திருப்புளியும் உப்புத்தாளும் கொண்டு சீராக்கத்தக்கது. புதிய பாகம் கிடைக்காவிடில் லேத்துப் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்யலாம். நசுங்கிய தகட்டை டிங்கரிங் செய்பவர் தட்டி நிமிர்த்துவார். குர்லாவின் சி.எஸ்.டி. சாலையிலும் சோர் பஜாரிலும் செத்த வண்டிகளின் உறுப்புகள் உயிருள்ள வண்டிகளுக்குள் சென்றுகொண்டேயிருந்தன. பற்றாக்குறையான நாட்டில் பொருள் அரிது, கைத்திறன் மிகுதி. அந்தச் சமன்பாட்டுக்குப் பொருந்திய கார் பத்மினி.

மும்பை டாக்சி இதற்குத் தலைசிறந்த சான்று. கறுப்பு உடலும் மஞ்சள் கூரையும், கூரைமேல் சாமான் கட்டும் கம்பித்தட்டும், வெளியே பொருத்திய மீட்டருமாக அறுபதாயிரம் அளவுக்கு டாக்சிகள் இந்நகரில் ஓடிய காலத்தில் அவற்றுள் பெரும்பான்மை பத்மினிகளே. ஓட்டுநரின் வருமானம் வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் குறையும். எனவே எந்தத் தெருவிலும் பழுதுபார்க்க ஆள் கிடைக்கும் வண்டியே அவருக்கு நல்ல வண்டி. புதிய வண்டிகள் வந்து நெடுநாள் ஆகியும் டாக்சி ஓட்டுநர்கள் பத்மினியை விடாததற்கு, பாசத்தைவிட இக்கணக்கே காரணம்.

மாருதியின் தத்துவம் எதிரானது. பழுதே வராமல் செய். வந்தால் பாகத்தைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டு. பழுதுபார்க்கும் அறிவு தெருவிலிருந்து ஆலைக்கும், நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கும் நகர்ந்தது. மாருதியும் கார்புரேட்டரோடுதான் தொடங்கியது. தெருவோர மெக்கானிக் அதனையும் கற்றுக்கொண்டார். ஆனால் 2000ஐ ஒட்டி மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் எஞ்சின்கள் பரவியபோது, காதால் எஞ்சினைக் கேட்டு நோயறிந்த அவரது கலையின் மதிப்பு சரிந்தது. வாங்கியவர்க்கு நிம்மதி, வழிவழியாக வந்த ஒரு தொழிலறிவுக்கு முடிவு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

பத்மினி ஏன் கதைகளில் நிலைத்தது என்பதற்கும் விடை இங்கேதான். பழுதாகும் பொருள் மனிதர்களைக் கூட்டுகிறது. தள்ளிவிட நால்வர் வேண்டும், பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும், அருகில் நின்று தேநீர் வாங்கித்தரவும் ஒருவர் வேண்டும். மாருதி எவரையும் கூப்பிடவில்லை. தன் கடமையை அமைதியாகச் செய்யும் பொருளைப் பற்றிக் கதை சொல்ல நமக்கு வருவதில்லை.

6

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. பழுதுபார்த்த கைகளைப் போற்றும் ஆர்வத்தில் அக்கைகளின் நிலையை அழகுபடுத்திவிடக்கூடாது. அப்பட்டறைகளில் வேலை கற்கச் சேர்ந்தவர்களுள் பள்ளி செல்லவேண்டிய வயதுச் சிறுவர்கள் பலர். மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவிய கைகளுக்கு உறையில்லை. ஓய்வூதியம் என்ற சொல்லே அங்கு நுழைந்ததில்லை. பத்மினி மலிவாக ஓடியதன் விலையை ஒரு பகுதி அவர்களே செலுத்தினார்கள். காத்திருப்பு வரிசையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. முன்பணம் கட்ட வசதியுள்ளவரே வரிசையில் நிற்கவாவது முடிந்தது. மாட்டுங்காவில் கார் வாங்கக் காத்திருந்த குடும்பத்துக்கும், தாராவியில் தண்ணீர்க் குழாய்க்குக் காத்திருந்த குடும்பத்துக்கும் தமிழ் பொதுமொழியாக இருந்தது. வரிசை பொதுவாக இருக்கவில்லை.

7

இரு கார்களின் முடிவும் ஒன்றுபோல் அமைந்தது. இரண்டையும் களத்திலிருந்து வெளியேற்றியது தேய்மானமன்று, விதி. 2010 ஏப்ரலில் பாரத் நிலை 4 மாசு நெறிகள் பெருநகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கேற்ப மாற்றப்படாத மாருதி 800இன் விற்பனை மும்பை உட்பட 13 நகரங்களில் நின்றது. பத்மினியின் உற்பத்தி 2000ஐ ஒட்டி முடிந்தது. டாக்சிகளின் ஆயுளுக்கு மகாராஷ்டிர அரசு முதலில் 25 ஆண்டுகள் என வரம்பிட்டு, பின்னர் 20 ஆண்டுகளாகக் குறைத்தது. மும்பையில் கடைசியாக டாக்சியாகப் பதிவான பத்மினியின் பதிவு நாள் 2003 அக்டோபர் 29. அக்கணக்கின்படி 2023 அக்டோபர் 30 முதல் இந்நகரில் பத்மினி டாக்சி இல்லை. நகரின் காற்று மூச்சுவிட இந்த விதிகள் தேவைப்பட்டன, அதை மறுப்பதற்கில்லை. குர்லாவில் ஆலை இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துள்ளன. பிரீமியர் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அருங்காட்சியகத்தில் ஒரு பத்மினியை நிறுத்திவைப்பது எளிது. பளபளக்கும் வண்ணம் பூசி, கயிறு கட்டி, பெயர்ப்பலகை வைத்துவிடலாம். அதனை ஓடவைத்த அறிவை அப்படி நிறுத்திவைக்க இயலாது. அது எழுத்தில் இல்லாத அறிவு. எஞ்சின் ஒலியில் எந்த வால்வு தளர்ந்திருக்கிறது என்று சொன்ன செவியில் இருந்த அறிவு. மும்பைத் தமிழர் வரலாறு என்றால் தாராவியின் தோல்தொழில், மாட்டுங்காவின் பள்ளிகளும் கோயில்களும், செம்பூரின் சங்கங்கள், அரசியல் ஆளுமைகள் என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். ஆலைத்தளமும் பட்டறையும் அவ்வரலாற்றுக்குள் வரவேண்டும். அந்தத் தலைமுறை இப்போது எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறது. நமக்குள்ள காலம் அதிகமில்லை.

ஆகவே வாசிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். குர்லா ஆலையிலோ, சயான், தாராவி, செம்பூர்ப் பட்டறைகளிலோ வேலை பார்த்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், இந்த விடுமுறையில் அவரோடு ஒரு மணி நேரம் அமருங்கள். கைப்பேசியின் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு, முதன்முதலில் எஞ்சினைத் திறக்கக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று மட்டும் கேளுங்கள். மற்றவை தாமாக வரும். வீட்டுப் பெட்டிகளில் கார் முன்பதிவு ரசீது, ஆலை அடையாள அட்டை, சங்கத் துண்டறிக்கை, பட்டறைக் கணக்கு நோட்டு எதுவாயினும் கிடைத்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். தேதியோடு ஒரு படமேனும் எடுத்து வையுங்கள். நாளை இந்நகரின் தொழில் வரலாற்றை எழுத அமரும் மாணவருக்கு அந்த எண்ணெய்க்கறை படிந்த நோட்டைவிடப் பெரிய ஆவணம் வேறில்லை.